வாசகர் கேள்வி – பதில்: குறுவட்டத்தில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

போன இதழில் பள்ளித் தடகளப் போட்டிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். குறுவட்டம் என்றால் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் முதல் கட்டப் போட்டி.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் 200 மீட்டரில் இரண்டாவதாக வந்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். "படிப்பு கெட்டது, வெயிலில் கறுத்தது, இதுதான் மிச்சம். அந்தச் சான்றிதழை வைத்து என்ன பண்ணப் போகிறாய்?" என்கிறார் என் வீட்டுக்காரர். அனுப்பலாமா?
— ஒரு தாய், அறந்தாங்கி

அனுப்புங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எந்த இட ஒதுக்கீடும் கிடைக்காது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவில் 500 இடங்கள் உண்டு, எல்லாம் சரிதான். அங்கே எடுபடுவது அதற்கு மேலே உள்ள படிகள். மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, அதில் வாங்கிய பதக்கம் என்று போகும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளி விளையாட்டு என்ற ஏணியில் உங்கள் மகள் இப்போதுதான் முதல் படியில் கால் வைத்திருக்கிறாள்.

அப்படியானால் ஏன் அனுப்பச் சொல்கிறேன்? மாவட்டப் போட்டியில்தான் வெளியாள் ஒருவர் கண்ணில் படுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. சொந்தப் பள்ளியில் அவளை எல்லோருக்கும் தெரியும், குறுவட்டத்தில் பக்கத்துப் பள்ளி பி.டி. ஆசிரியருக்குத் தெரியும். மாவட்ட மைதானத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் நிற்பார், விளையாட்டு விடுதிக்குப் பிள்ளை தேடுகிறவர் நிற்பார், தன் கிளப்புக்கு ஆள் பிடிக்கிறவரும் நிற்பார். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இல்லை. வளர்த்தது கூலி வேலை பார்த்த பாட்டி. பன்னிரண்டாம் வகுப்பில் மண்டலப் போட்டியில் ஓடும்போது பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டிக்கு விருப்பமில்லை, அவரே போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்து, கல்லூரி, விடுதி என்று ஏற்பாடு செய்தார். வெகுகாலம் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். பி.டி. உஷாவையும் அவருடைய பயிற்சியாளர் நம்பியார் முதலில் கவனித்தது ஒரு விளையாட்டுப் பரிசளிப்பு விழாவில்தான், 1976-ல்.

எல்லோருக்கும் ஒரு கண்ணன் வருவார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வரமாட்டார். வீட்டில் இருந்தால் வருவதற்கு வாய்ப்பே கிடையாது, அவ்வளவுதான் கணக்கு. படிப்பைப் பொறுத்தவரை, போட்டி நாளில் விட்டுப்போன பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எழுதிவிடலாம். கறுத்துப்போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

மாவட்டப் போட்டிக்கு முன்னால் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தரச் சொல்லி மகன் அடம் பிடிக்கிறான். வாங்கலாமா?
— ஒரு தகப்பன், பல்லடம்

போட்டி எந்தத் தரையில் என்று முதலில் கேளுங்கள். சிந்தெடிக் டிராக் என்றால் ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஷூ, உதவும். ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை விடுவார்கள். கட்டாந்தரை மைதானம் என்றால் அந்தக் குட்டை ஆணி கல்லில் சறுக்கும், கணுக்காலைப் பதம் பார்க்கும். அப்புறம், வாங்கினாலும் போட்டியன்று காலையில் முதன்முதலாக மாட்டிவிடாதீர்கள். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் ஓடவைக்கிற ஷூ அது, இரண்டு வாரமாவது பழகாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பையன் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான்.

நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மாணவன் குறுவட்டத்தில் 100 மீட்டரை 11.3 விநாடியில் ஓடினான். அதே பையன் மாநிலப் போட்டியில் 11.9. பயத்தில் ஓடவில்லை என்று எல்லோரும் அவனைத் திட்டுகிறார்கள். உண்மையிலேயே பயமா?
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பையனைத் திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் ஐயா. அவன் இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடியிருக்கவே வாய்ப்பு அதிகம். மாறியது கடிகாரம்: குறுவட்டத்தில் கையில் எடுத்த நேரம், மாநிலத்தில் மின்னணு நேரம்.

குறுவட்டத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் எங்கே நின்றிருப்பார்? முடிவுக்கோட்டில். ஓட்டம் தொடங்குவது அவருக்கு நூறு மீட்டர் தள்ளி. துப்பாக்கிச் சத்தமோ விசிலோ அவர் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும், ஏனென்றால் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில்தான் வரும். அதனால்தான் துப்பாக்கிப் புகையைப் பார்த்தவுடன் அழுத்து, சத்தத்துக்குக் காத்திருக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர்க் குறுவட்டத்தில் புகைக்கு எங்கே போவது? விசில்தான், இல்லாவிட்டால் இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்பார்கள். பலகையாவது பரவாயில்லை, கை சேர்வது கண்ணுக்குத் தெரியும். விசில் என்றால் காதை மட்டுமே நம்ப வேண்டும். போதாததற்கு, புகையைப் பார்த்தே அழுத்தினாலும் விரல் கொஞ்சம் தாமதமாகத்தான் இயங்கும். அதனால் கையில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி சேர்த்துக்கொள்வது உலக வழக்கம். 400 மீட்டருக்கு 0.14. இப்போது கூட்டிப் பாருங்கள். 11.3, அதோடு 0.24, அதோடு சத்தம் தின்ற 0.3. உங்கள் 11.9-க்கு மிக அருகில் வந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டாம். தொடக்கக்காரர் விசிலோடு ஒரு வெள்ளைக் கொடியைச் சட்டென்று கீழே இறக்கட்டும், கடிகாரக்காரர்கள் கொடியை மட்டும் பார்க்கட்டும். முதலிடத்துக்கு மூன்று கடிகாரம் வையுங்கள். மூன்றும் வேறு வேறு காட்டினால் நடுவில் உள்ளதே கணக்கு. இரண்டுதான் இருக்கிறது என்றால் அதிக நேரம் காட்டுவதை எடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும், 11.32 என்றால் 11.4. இதை 11.3 என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, பையனை மகிழ்விக்கிறோம் என்று நினைத்து. அப்புறம், முடிவுக்கோட்டுக்கு நேராக ஒரு செல்போனை ஸ்டாண்டில் வைத்து ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். யார் முதல் என்ற சண்டை அங்கேயே தீரும். தலையோ கையோ முந்தினால் கணக்கில்லை, கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள உடல் கோட்டைத் தொட வேண்டும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை வியாக்கியானம் என்று கேட்காதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42, மூன்றாவதாக வந்தவர் 55.41. அந்த 55.42-ஐ நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் எட்டிப்பிடித்தது 2023-ல், ஹாங்சோ ஆசிய விளையாட்டில். நூறில் ஒரு பங்கு விநாடிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிற விளையாட்டில் நாம் அரை விநாடியை விசிலில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாவட்டப் போட்டியில் நடு லேன் கிடைக்க யாரைப் பிடிக்க வேண்டும்?
— குறும்புக்காரன், தேனி

உன் காலைப் பிடி தம்பி. முதல் சுற்றில் சீட்டுக் குலுக்கல், அடுத்த சுற்றில் வேகமாக ஓடியவருக்கு நடு லேன்.

மக்கள்தொகை முப்பது லட்சம்கூட இல்லாத ஜமைக்கா எப்படி இத்தனை ஓட்டக்காரர்களை உருவாக்குகிறது? மரபணு என்கிறார்கள், அங்கே சாப்பிடும் கிழங்கு என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கிழங்கை நாமும்தான் சாப்பிடுகிறோம். மரபணுவைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் அங்கே பள்ளிப் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

'சாம்ப்ஸ்' என்று செல்லமாகச் சொல்லும் பள்ளித் தடகளச் சாம்பியன்ஷிப்பை அங்கே 1910-லிருந்து நடத்துகிறார்கள். ஈஸ்டருக்கு முன்னால், கிங்ஸ்டன் நேஷனல் ஸ்டேடியத்தில். நம் ஊரில் சூப்பர் ஸ்டார் படத்தின் முதல் காட்சிக்கு இருக்கும் கூட்டமும் கூச்சலும் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு. பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிக் கொடியோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அதில் தாத்தாக்களும் இருப்பார்கள். உலகமே இதைப் பற்றித்தான் எழுதுகிறது. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய மூன்று மாதங்களை. ஜனவரியில் தொடங்கி, மேற்கு, மத்தி, கிழக்கு, தலைநகர்ப் பகுதி என்று வட்டாரச் சாம்பியன்ஷிப்புகள், இடையிடையே ரிலே போட்டிகள், சின்னச் சின்ன வளர்ச்சிப் போட்டிகள். ஒரு பையன் சாம்ப்ஸுக்கு வருவதற்குள் பல தடவை நம்பர் குத்திக்கொண்டு ஓடியிருப்பான். முதல் வாரம் தொடக்கத்தில் சொதப்பினால் மூன்றாம் வாரம் திருத்திக்கொள்ளலாம்.

சாம்ப்ஸுக்கு அப்புறம் காரிஃப்டா. கரீபியன் நாடுகளின் இளையோர் தடகளப் போட்டி, 1972-ல் பார்படாஸில் தொடங்கியது, ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும். உசேன் போல்ட் அதில் 2001-ல் முதல் தடவை ஓடினார். தங்கம் இல்லை, 200, 400 இரண்டிலும் வெள்ளி. அதே வருடம் ஹங்கேரியில் நடந்த உலக யூத் போட்டியில் இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. அடுத்த வருடம் காரிஃப்டாவில் இரண்டிலும் தங்கம், அதற்குச் சில மாதம் கழித்துச் சொந்த நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனில் உலக ஜூனியர் 200 மீட்டர் தங்கம், வயது 15. 2004 காரிஃப்டாவில் 19.93. ஜூனியர் வீரர் ஒருவர் 20 விநாடிக்குள் ஓடியது அதுதான் முதல் தடவை. இதைச் செய்தது ஒலிம்பிக் மேடையில் இல்லை, பெர்முடா தீவில் ஒரு வட்டார இளையோர் போட்டியில். கிரெனடா என்று லட்சம் பேர் சொச்சம் வசிக்கும் ஒரு தீவு இருக்கிறதே, அங்கிருந்து காரிஃப்டா வழியாக வந்த கிராணி ஜேம்ஸ் 2012 லண்டனில் 400 மீட்டர் தங்கம் வென்றார். அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். குறுவட்டத்தில் ஹீட்ஸில், அதாவது முதல் சுற்றில், தோற்ற பிள்ளைக்கு அந்த வருடம் முடிந்தது. பதினான்கு விநாடி ஓட்டம், அதற்காக விடியற்காலையில் வேன் ஏறி, புளியோதரைப் பொட்டலத்தோடு மத்தியானம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்து, ஓடி முடித்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டுக்கு. எனக்குத் தெரிந்து நம் ஊர்த் தடகளத்தின் பெரிய நோய் இதுதான். மைதானம் இல்லை, பணம் இல்லை என்பதெல்லாம் இதற்கு அடுத்ததுதான். முதலமைச்சர் கோப்பை வந்திருக்கிறது, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளைத் தமிழ்நாடே நடத்தி இரண்டாம் இடமும் பிடித்தது, நல்லது. அவையெல்லாம் மேலே உள்ளவை. ஒரு வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை, நாலே நாலு போட்டி, பதக்கம் வேண்டாம், பந்தல் வேண்டாம், சிறப்பு விருந்தினர் சத்தியமாக வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். செலவு சுண்ணாம்புத் தூளும் ஒரு கேன் தண்ணீரும்.

அண்ணா, நான் பத்தாம் வகுப்பு. 800 மீட்டர் ஓடுவேன். அரை டிரவுசர் போட்டுத்தான் ஓடணும் என்றால் ஓடவே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது?
— ஒரு தங்கை, கீழக்கரை

அப்படி ஒரு விதியே இல்லைம்மா. உடை சுத்தமாக இருக்க வேண்டும், ஆட்சேபத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தடகள விதி சொல்வது. கணுக்கால் வரை லெக்கிங்ஸ், முழுக்கை டி-ஷர்ட், தலையில் துணி, எல்லாம் போட்டுக்கொண்டு ஓடலாம். நீ ஓடுகிற அதே 800 மீட்டரில், 2012 லண்டன் ஒலிம்பிக்கில், சவுதி அரேபியாவின் சாரா அத்தார் அப்படித்தான் ஓடினார். கடைசியாகத்தான் வந்தார், அரங்கமே எழுந்து கை தட்டியது. துணி மட்டும் வியர்வையில் ஒட்டாத ரகமாகப் பார்த்து வாங்கு, பருத்தி நனைந்தால் கனக்கும். உன் பி.டி. டீச்சரை ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி அப்பாவிடம் பேசச் சொல். நீ சொன்னால் அடம், அவர் சொன்னால் தகவல்.

14 வயதுப் பிரிவில் மீசை முளைத்தவர்கள் ஓடுகிறார்கள். ஊசி போடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். இந்த லட்சணத்தில் இளையோர் போட்டிக்கு என்ன மரியாதை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

கோபம் நியாயம் ஐயா. இரண்டையும் பிரித்துப் பேசுவோம்.

மீசை முளைத்தவர்கள் எல்லோரும் பொய் வயதுக்காரர்கள் இல்லை. பதிமூன்று வயதில் ஒருவன் ஆளாகி நிற்பான், அவன் பக்கத்து லேனில் இருப்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. இருவரும் ஒரே வகுப்பு. முதலாமவன் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையால் இல்லை, முந்தி வளர்ந்ததால். இரண்டாமவன் பதினேழில் அவனைத் தாண்டிப் போகலாம், அதுவரை ஓடிக்கொண்டிருந்தால். மாவட்ட அணிகள் நேரடியாக மோதும் தேசிய ஜூனியர் போட்டியில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓட்டம், தாண்டுதல் எல்லாம் கலந்த மூன்று அம்சப் போட்டியை இந்தியத் தடகளச் சம்மேளனம் வைத்திருக்கிறது. 2024-ல் அகமதாபாத்தில் நடந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பொய் வயதைப் பிடிக்க இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். அது துல்லியமான பிறந்த தேதியைச் சொல்லாது, ஆனாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஊசி விஷயத்துக்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிச்சுற்றில் ஒரே ஒருவர்தான் ஓட வந்தார். தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு ஜூனியர் பெண் முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார், மாதிரி எடுக்க வந்தவர் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. சிரிப்பு வரும், ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குச் சிரிஞ்சை வாங்கிக் கொடுத்தது யார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். வேலை, சீட்டு என்று எல்லாவற்றையும் ஒரே ஒரு பதக்கத்தில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். பிள்ளைக்கு யாராவது "பவர் பவுடர்", "சத்து ஊசி" என்று எதையாவது நீட்டினால் அந்த ஆளிடமிருந்து அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

குறுவட்டத்தில் 400 மீட்டர் ஹீட்ஸிலேயே வெளியே வந்துவிட்டேன். எங்கள் பி.டி. சார் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார். அதுவரை என்ன செய்வது?
— பதினொன்றாம் வகுப்பு, செய்யாறு

அடுத்த வருடம் வரை காத்திருக்காதே. பள்ளிப் போட்டியைத் தவிர மாவட்டத் தடகளச் சங்கம் என்று ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று தனியாகப் போட்டி நடத்துவார்கள். பல பி.டி. ஆசிரியர்களுக்கே தேதி தெரியாமல் போய்விடும், நீயே விசாரித்து வை. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், இரண்டு போட்டோவை ஒரு கவரில் போட்டுத் தயாராக வைத்துக்கொள், கடைசி நாளில் இதற்கு அலைந்து கோட்டை விட்டவர்கள் ஏராளம். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதுவும் தேதி போனால் போனதுதான்.

400-ல் நீ எங்கே செத்தாய் என்று எழுதவில்லை. முதல் 200-ஐ என்ன நேரத்தில் கடந்தாய் என்று யாராவது எடுத்தார்களா? எடுத்திருக்க மாட்டார்கள். நண்பனை 200 மீட்டர் குறியில் நிறுத்தி, முதல் பாதி, இரண்டாம் பாதி என்று தனித்தனியாக எடுக்கச் சொல். இரண்டாம் பாதி முதல் பாதியைவிட இரண்டு விநாடிபோல் அதிகமாக இருந்தால் வழக்கம்தான். ஐந்து ஆறு விநாடி அதிகம் என்றால் நீ வெறியோடு கிளம்பி வளைவில் கரைந்துபோகிறாய் என்று அர்த்தம், அதற்கு மருந்து வேறு. இரண்டு நேரத்தையும் எழுதி அனுப்பு, அடுத்த இதழில் பேசுவோம்.